தொப்பூர்க் கணவாயும் தேதிக் கணக்கும்

தருமபுரியினின்று சேலம் நோக்கிப் பெருவழியே பிரயாணஞ் செய்தோர் யாவரும் தொப்பூர்க் கணவாயை நன்கறிவர். முன்னர் ஏழாம் எண்ணால் வழங்கி, 2010-ம் ஆண்டில் எண்கள் மாற்றப்பட்ட பின்னர் நாற்பத்துநான்காம் எண்ணைப் பெற்ற தேசீய நெடுஞ்சாலை, மேட்டுநிலத்தை விட்டுச் சேலத்துச் சமநிலத்திற்கு இறங்குமிடம் அது. பாரமேற்றிய லாரிகள் அவ்விறக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வருங் காட்சி அச்சந் தருவது. டீசல் செலவைச் சிறிது மிச்சப்படுத்தக் கருதிச் சில ஓட்டுநர் கியரை விடுத்து வண்டியை நியூட்ரலில் ஓடவிடுவர்; முழுப் பாரத்தையும் பிரேக்கே தாங்க நேர்வதால் அது சூடேறிப் பிடிப்பற்றுப் போகும். 12-12-2020-ல் ஒரு லாரி கட்டுக்கடங்காது வந்து, முன்னே நின்ற பல வாகனங்களின்மேல் மோதியதில் நால்வர் மாண்டனர். 24-1-2024-லும் அக்கணவாயிலேயே லாரிகளும் கார்களும் மோதி மீண்டும் நால்வர் உயிரிழந்தனர்.

கணவாயின் கொடுமையைக் கூறுதல் நமது நோக்கமன்று. அங்கு நிகழும் ஒவ்வொரு விபத்தும் ஒரு தேதியும் ஒரு மணியும் பெற்று எங்கோ ஒரு கணிப்பொறியில் ஒரு வரியாக எழுதப்படுகின்றது. மத்திய அரசினரது சாலை விபத்துத் தரவுத்தளமாகிய ஐராட் என்பது, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாராலும் தேசீயத் தகவலியல் மையத்தாராலும் அமைக்கப்பெற்றது. அதனை முதற்கண் கைக்கொண்ட ஆறு மாகாணங்களுள் தமிழ்நாடும் ஒன்று. விபத்து நடந்த இடத்திலிருந்தே காவல்துறையினர் கைபேசி வழியாக அதிற் பதிவு செய்கின்றனர். எந்த மணியில் அபாயம் மிகுதி, எந்தக் கிழமையில் ரோந்து வேண்டும், ஆம்புலன்ஸ் எப்பொழுது எங்கே நிற்கவேண்டும் என்பனவெல்லாம் இத்தகைய பதிவுகளை வினவித் தெளியத் தக்கவை. வினவுவோன் தேதியைக் கையாளத் தெரியாதவனாயின், பதிவுகள் மெய்யாயிருந்தும் விடை பொய்யாய் முடியும். அஃது எவ்வாறென்பதையே இங்கு விளக்கப் புகுந்தோம்.

தரவுத்தளத்தை ஒரு பெரும் பேரேடாகக் கொள்ளலாம். பக்கந்தோறும் பத்திகள் கீறப்பட்டு, ஒவ்வொரு செய்தியும் ஒரு வரியாக நிற்கும். இவ்வமைப்பை ஐபிஎம் கம்பெனியின் ஆராய்ச்சியாளராகிய காட் என்பார் 1970-ம் ஆண்டில் கணித முறைப்படி வகுத்தார். அப்பேரேட்டை வினவுதற்குரிய மொழியை அதே கம்பெனியைச் சார்ந்த சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் 1974-ல் வெளியிட்டனர். அம்மொழியே இன்று எஸ்கியூஎல் என வழங்குவது. நம் கலாசாலையில் கணிப்பொறி பயிலும் மாணாக்கர் முதலாண்டிலேயே அதனைக் கற்கின்றனர். எனினும் தேதி வருமிடத்துத் தவறாதார் அவருள் மிகச் சிலர். அவரைக் கற்பிக்கும் நாமும் தவறியதுண்டு.

முதலாவது, எழுதும் முறை. 5-6-2024 என்றெழுதினால் நமக்கு அது ஜூன் மாதம் ஐந்தாந் தேதி. அமெரிக்கர்க்கு மே மாதம் ஆறாந் தேதி. மேற்கூறிய 24-1-2024 என்பதில் இம்மயக்கம் இல்லை, இருபத்துநான்காம் மாதம் என்பதொன்று இன்மையால். 12-12-2020 என்பதிலோ எவ்வாறு படிப்பினும் பொருள் ஒன்றே. மாதந்தோறும் முதற் பன்னிரண்டு தேதிகளே இருவகையாகப் படிக்கத்தக்கவை. பன்னிரண்டு மாதத்திற்கு அவை 144. தேதியும் மாதமும் ஒன்றாய் நிற்கும் பன்னிரண்டை நீக்கினால் 132 நாட்கள் எஞ்சும். ஆண்டில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட நாட்கள் இவ்வாறு ஐயத்துக்கிடமாயிருக்கின்றன. இப்பிழையில் அச்சந்தருவது யாதெனில், இயந்திரம் இதனைப் பிழையென்று கூறாது என்பதே. இருபத்துநான்காந் தேதியைக் கண்டால் இடறி நிற்கும். ஐந்தாந் தேதியை மறுபேச்சின்றி மாற்றிக்கொள்ளும். ஆதலின் 1988-ல் உலகத் தரநிர்ணயச் சங்கத்தார் ஆண்டினை முதலிலும், மாதத்தை நடுவிலும், நாளை ஈற்றிலும் எழுதும் முறையை விதித்தனர். அம்முறையில் எழுதிய தேதிகளை வெறும் எழுத்துக்களாகக் கொண்டு அகராதி வரிசையில் அடுக்கினும் கால வரிசை கெடாது.

ஆண்டின் நான்கிலக்கத்தையும் எழுதாமல் ஈற்றிலக்கம் இரண்டை மட்டும் எழுதியதால் இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்குந் தருணத்தில் உலகமெங்கும் உண்டான கலக்கத்தைப் பலரும் கேட்டிருப்பர். அதனைக் கேட்டுத் தமிழர் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பிரபவ முதல் அட்சய வரையுள்ள அறுபது பெயர்களைச் சுழற்றி வழங்கும் நமது வருஷக் கணக்கிலும் இக்குறை உண்டு. குரோதி வருஷம் என்றால் 2024-ல் பிறந்ததோ, 1964-ல் பிறந்ததோ, அதற்கும் முந்தியதோ என்று பெயரளவில் தெளியவொண்ணாது. இதனாலன்றோ சாசனங்கள் பலவற்றில் சகாப்த எண்ணும் வருஷப் பெயரும் சேர்த்துப் பொறிக்கப்பட்டுள்ளன. நம் முன்னோர் கல்லிற் கண்ட எச்சரிக்கை, இடமிச்சங் கருதிய நிரல் எழுத்தாளர்க்கு வாய்க்கவில்லை.

இனி, இடைக்காலத்தைக் குறித்து வினவும் முறையைக் காண்போம். 2024-ம் ஆண்டு ஜனவரி மாதத்து விபத்துக்கள் வேண்டுமென ஒருவன் எண்ணுகின்றான். 'ஜனவரி 1 முதல் ஜனவரி 31 வரை' என்று, பிட்வீன் என்னுஞ் சொல்லைக் கொண்டு, நாம் பேசுகிறபடியே வினாவை எழுதிவிடுகின்றான். பத்தியில் தேதி மட்டும் இருப்பின் இதில் குற்றமில்லை. மணியும் நிமிஷமும் சேர்ந்திருப்பின் கேடு புகுகின்றது. மணி கூறாது 31-ந்தேதி என்றால் இயந்திரம் அதனை அந்நாள் தொடங்கும் நள்ளிரவுப் புள்ளியாகவே கொள்ளும். அப்புள்ளிக்குப் பின் அன்று பகலிலும் இரவிலும் நடந்தனவெல்லாம் விலக்கப்படும். மாதத்திற்கு ஒரு நாள் இவ்வாறு மறைந்தால், ஆண்டிற்குப் பன்னிரண்டு நாட்கள்! எண்ணிக்கை சிறிது குறையுமேயன்றிப் பூஜ்யமாகாது. ஆதலின் காண்போர்க்கு ஐயமும் எழாது.

இதனை உணர்ந்த சிலர் முடிவை 31-ந்தேதி 23 மணி 59 நிமிஷம் 59 விநாடி என்று எழுதுவர். கடைசி விநாடிக்குள் நடந்தது என்னாவது? விநாடியைப் பத்திலட்சம் கூறாகப் பகுத்து எழுதும் தரவுத்தளங்களும் உள. பின்னும் நுட்பம் காட்டுவோர் .999 என்று சேர்ப்பர். எஸ்கியூஎல் சர்வரின் பழைய தேதி வகையோ விநாடியில் முந்நூற்றிலொரு பங்குக்குக் குறைந்ததை அறியாதாகையால், அதனைக் கூட்டி அடுத்த நாள் நள்ளிரவாக்கிவிடும். அப்பொழுது பிப்ரவரி முதல் தேதிக்குரியதும் ஜனவரியில் நுழையும். நேரிய வழி மிக எளியது. தொடக்கத்தைச் சேர்த்து, முடிவை விலக்கிக் கூறவேண்டும்: ஜனவரி முதல் தேதியோ அதற்குப் பிந்தியதோ ஆகவேண்டும், பிப்ரவரி முதல் தேதிக்கு முந்தியதாகவும் வேண்டும். இவ்வாறு கூறுமிடத்து மாதத்திற்கு முப்பது நாளா, முப்பத்தொன்றா, பிப்ரவரிக்கு இருபத்தொன்பது உண்டா என்ற ஆராய்ச்சியே வேண்டாம். ஒரு மாதத்தின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே புள்ளியாய் நிற்பதால், எந்த விபத்தும் இரண்டிலும் விழாது, இரண்டிற்கும் நடுவிலும் விழாது.

இம்முறைக்குப் பிறிதொரு பயனும் உண்டு. கச்சேரியில் தேதி வரிசைப்படி கட்டிவைத்த கட்டுக்களிடையே சென்று, '2024-ம் ஆண்டுக்குரியவை யாவை?' என்று, ஒவ்வொரு காகிதத்திலும் ஆண்டினைப் பிரித்தெடுத்து ஒப்பிடச் சொன்னால், குமாஸ்தா முதற் காகிதந் தொட்டுக் கடைசிக் காகிதம் வரை புரட்டவேண்டும். 'இத்தேதி முதல் அத்தேதிக்கு முன் வரை' என்றால் நேரே உரிய கட்டிற் கை வைப்பார். தரவுத்தளத்திலும் அப்படியே. பத்தியின்மேல் ஆண்டைப் பிரிக்கும் செயலை ஏற்றி வினவினால், அப்பத்திக்கு அமைத்த சுட்டு வரிசை பெரும்பாலும் பயனற்றுப் போகும்.

இவற்றினும் ஆழ்ந்த இடர் நேர மண்டலத்தால் வருவது. 1906-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தொட்டு இந்தியாவுக்கு ஒரே பொது நேரம் ஏற்பட்டது. அது 82½ பாகைத் தீர்க்க ரேகையைப் பற்றியது. கிரீனிச்சைத் தழுவிய உலகப் பொது நேரத்திற்கு ஐந்தரை மணி முந்தியது. அதற்கு முன்னர் ரெயில்வேக்கள் கொண்டது ஐந்து மணி இருபத்தொரு நிமிஷத்தினும் சிறிதே மிக்க சென்னை நேரமாகும். பல தரவுத்தளங்கள் காலத்தை உலகப் பொது நேரமாகவே உள்ளே சேமிக்கின்றன, அது தக்கதே. ஆனால் சேமித்தபடியே எடுத்து நாள்வாரியாகக் கூட்டினால் நிகழ்வது யாது? ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்குக் கணவாயில் ஒரு லாரி கவிழ்கின்றது என்க. உலகப் பொது நேரப்படி அது சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணி. நள்ளிரவு முதல் ஐந்தரை மணி வரை நடப்பனவெல்லாம் இவ்வாறு முந்திய நாட் கணக்கில் ஏறும். நீண்டதூர லாரிகள் ஓடுவதும், ஓட்டுநரைத் தூக்கம் வருத்துவதும் அவ்வேளையிலேயாம்.

கிழமை மாறுவதோடு இது நில்லாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சு வெளியிடும் ஆண்டறிக்கையில் ஒரு நாள் மும்மூன்று மணியாக எட்டுக் கூறு செய்யப்படுகின்றது. அவற்றுள் மாலை ஆறு முதல் ஒன்பது வரையுள்ள கூறே பல ஆண்டுகளாக விபத்து மிக்கதாகக் காணப்படுகின்றது. இதே பதிவுகளை ஐந்தரை மணி கூட்ட மறந்து ஒருவன் எண்ணினால், மாலை விபத்துக்களெல்லாம் பன்னிரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் நடந்தனவாகத் தோன்றும். அப்பட்டியலை நம்பி, உச்சிவெயிலில் ரோந்து வண்டிகளை நிறுத்திவிட்டு, இருட்டும் வேளையில் அவற்றைத் திருப்பியழைத்தால் வரும் கேட்டை நாம் விரிக்க வேண்டுவதில்லை. பரிகாரம்: முதலில் நேரத்தை இந்திய நேரமாக மாற்றுக, பின்னரே தேதியையோ மணியையோ பிரித்தெடுக்க. வரிசை மாறினால் பயனில்லை.

இவ்விடத்து ஒரு விநோதங் கூறுவோம். நமது பஞ்சாங்க முறையில் நாள் பிறப்பது சூரியோதயத்திலன்றி நள்ளிரவிலன்று. கிராமத்துப் பெரியவர் ஒருவரைக் கேட்டால், ஞாயிறு விடியுமுன் மூன்று மணிக்குக் கவிழ்ந்த லாரியைச் 'சனிக்கிழமை ராத்திரி கவிழ்ந்தது' என்றே சொல்வார். உலகப் பொது நேரப்படி புதிய நாள் நமக்குக் காலை ஐந்தரை மணிக்கு, அதாவது நள்ளிரவிலிருந்து பதின்மூன்றே முக்கால் நாழிகை கழித்து, சூரியோதயத்துக்குச் சற்றே முன்னர்ப் பிறக்கின்றது. ஆகவே மாணாக்கன் மறதியாற் செய்த பிழையும் பாட்டனாரது கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகின்றன! இருந்தபோதிலும் காவல் நிலையப் பதிவு நள்ளிரவு முறையைத் தழுவியதாகலின், பெரியவர் வாக்குமூலத்தில் கிழமையைக் கேட்டெழுதுவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். பன்னிரண்டே காலுக்குப் புறப்படும் ரெயிலுக்கு, சீட்டிற் கண்ட தேதியன்று இரவு ஸ்டேஷனுக்குப் போய், அது முந்திய இரவே போய்விட்டதென்று கேட்டுத் திகைத்து நின்றோர் நம் நண்பருள்ளும் உளர்.

எப்பொழுதும் ஐந்தரை மணியைக் கூட்டினாற் போதாதோவெனின், போதாது. இரண்டாம் உலக யுத்தத்தில், 1941 அக்டோபர் முதல் 1942 மே நடு வரையும், மீண்டும் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடு வரையும், இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தள்ளிவைக்கப்பட்டு ஆறரை மணி வித்தியாசத்தில் ஓடின. 1943-ல் காலை ஆறு மணி பத்து நிமிஷத்துக்குப் பிறந்ததாகக் குறிக்கப்பட்ட குழந்தை, இக்காலக் கணக்கிற்கு ஐந்து மணி பத்து நிமிஷத்திற் பிறந்ததாகும். ஜாதகங் கணிப்போர் அவ்வாண்டுகளுக்கு ஒரு மணி தள்ளிக் கொள்ளுதல் இதுபற்றியே. அவ்வாண்டுகளிற் பிறந்த நம் பழைய மாணவர் சிலர் தம் ஜாதகக் குறிப்பை எடுத்துப் பார்க்கலாம். இலங்கையிலோ இது நேற்றைய செய்தி. அங்கு 1996 மே மாதத்தில் ஐந்தரை ஆறரையாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் ஆறாயிற்று. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரையாயிற்று. சிங்கப்பூர் 1982 ஜனவரியில் ஏழரையிலிருந்து எட்டுக்கு மாறியது. இம்மாற்றங்களையெல்லாம் தொகுத்துக் கணிப்பொறிகள் ஒத்து வழங்கும் ஒரு பொதுப் பட்டியல் உண்டு. அதில் இந்தியா 'ஆசியா/கொல்கத்தா' என்னும் பெயரால் நிற்கும். ஆகையால் வினாவில் ஐந்தரை என்ற எண்ணை எழுதுவதினும் அப்பெயரை எழுதுதலே சிறந்தது. போஸ்ட்கிரெஸ் என்னுந் தரவுத்தளத்தைப் பயில்வோர் மற்றொன்றும் அறிக: 'நேரமண்டலத்துடன் கூடியது' என்று பெயர் பெற்ற அதன் கால வகை, தருணத்தை மட்டுமே காப்பாற்றும், எந்த மண்டலத்தில் எழுதப்பட்டது என்பதைக் காப்பாற்றாது. பெயரைக் கண்டு ஏமாறுவோர் பலர்.

தொப்பூரருகே பாளையத்தில் உள்ள சுங்கச்சாவடி, நாளுக்கும் மணிக்குமுள்ள வேற்றுமையை விளக்க நல்லதோர் உதாரணம். 2008-ம் ஆண்டின் தேசீய நெடுஞ்சாலைக் கட்டண விதிப்படி, போய்த் திரும்பும் வண்டிக்கு இருமடங்கு வேண்டாம், ஒன்றரை மடங்கே கட்டணம். ஆனால் இருபத்துநான்கு மணிக்குள் திரும்பவேண்டும். 2021 பிப்ரவரி முதல் பாஸ்டேக் கட்டாயமாய்விட்டதால் இக்கணக்கைச் செய்வது கணிப்பொறியே. 'இருபத்துநான்கு மணி' என்பதை 'அன்றே' என்று கொண்டால், இரவு 11-50-க்குப் போய் 12-10-க்குத் திரும்பியவன் இருபது நிமிஷத்திற் சலுகையிழப்பான். 'மறுநாள் வரை' என்று கொண்டால், திங்கள் பிறந்த ஐந்தாம் நிமிஷத்திற் சென்று செவ்வாய் முடிய ஐந்து நிமிஷமிருக்கத் திரும்பியவன், 47 மணி 50 நிமிஷங் கழித்தும் சலுகை பெறுவான். தேதியைத் தேதியிலிருந்து கழிக்காது, தருணத்தைத் தருணத்திலிருந்து கழித்தலே நீதி.

மாதங் கூட்டுவதிலோ ஒருமைப்பாடே இல்லை. ஜனவரி 31-க்கு ஒரு மாதங் கூட்டினால் போஸ்ட்கிரெஸும் ஆரக்கிளும் பிப்ரவரியின் கடைசி நாளைத் தரும். எஸ்கியூலைட்டோ, சாதாரண ஆண்டில், மார்ச்சு 3-ந்தேதியைத் தரும். பிப்ரவரி 28-க்கு ஒரு மாதங் கூட்டினால் போஸ்ட்கிரெஸ் மார்ச்சு 28 என்னும். ஆரக்கிளின் மாதங் கூட்டுஞ் செயல், அது மாதக் கடைசியாயின், மார்ச்சு 31 என்னும். இன்ஷூரன்சு தவணையும் வாடகை ஒப்பந்தமும் எழுதுவோர் தமக்கு வேண்டியது எதுவென்று முன்னரே துணிதல் வேண்டும்.

இறுதியாக இரு செய்திகள். விபத்தின் மணி தெரியாவிடின் அப்பத்தியை வெறுமையாக விடவேண்டும். அவ்வாறன்றிப் பூஜ்யம் பூஜ்யம் என்று நிரப்பினால் அறியாமையெல்லாம் நள்ளிரவின்மேல் ஏறி, கணவாயில் சரியாகப் பன்னிரண்டடிக்கும் பொழுதே விபத்துக்கள் குவிவதாகப் பட்டியல் காட்டும். பேய்க்கதைக்கு வேறு ஆதாரம் வேண்டுவதில்லை.

மற்றொன்று, ஒரே விபத்துக்குப் பல தேதிகள் உண்டென்பது. நிகழ்ந்த தேதி ஒன்று. பதிவான தேதி ஒன்று. ஆஸ்பத்திரியில் கிடந்து ஒருவர் இறந்தால் அத்தேதி மற்றொன்று. விபத்துக்குப்பின் முப்பது நாட்களுக்குள் இறந்தோரையும் அவ்விபத்தில் இறந்தோராகக் கொள்வது பல நாடுகள் கைக்கொண்ட வழக்கம். ஜனவரி 24-ந்தேதி விபத்திற் காயமுற்றவர் ஒருவர் பிப்ரவரி 20-ந்தேதி இறந்தாரென்று வைத்துக்கொள்வோம். இருபத்தேழு நாட்களே சென்றன. ஆதலின் அவர் விபத்தில் இறந்தோருள் ஒருவர். மரணத் தேதியைப் பற்றி ஜனவரிக்கு வினவினால் அவர் வாரார். நிகழ்ந்த தேதியைப் பற்றி வினவினால் வருவார். ஆனால் பிப்ரவரி முதல் வாரத்திலேயே ஜனவரிப் பட்டியலை எழுதி முடித்தோர் ஏட்டில் அவருக்கு இடமிராது. எனவே அப்பட்டியலை மார்ச்சு மாதத்தில், முப்பது நாட்களுங் கழிந்த பின்னர், மறுபடியும் ஒருமுறை வினவி எழுதவேண்டும்.